சீஸுக்குப் பூசுவதை விதைக்குப் பூசியவன்

1

இந்த நாட்டில் ஒரே கம்பெனியில் பன்னிரண்டரை ஆண்டு வேலை பார்த்தால் அதைக் கொண்டாடுகிறார்கள். அதென்ன அரை என்று கேட்காதீர்கள். இருபத்தைந்தில் பாதி, வேறு காரணம் இல்லை. கொண்டாடப்படுகிறவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்கி வர வேண்டும் என்பது நெதர்லாந்துக்காரர்களின் இன்னொரு வழக்கம். மாப்பிள்ளையே பந்தி பரிமாறுகிற கதைதான். போன வாரம் அந்த நாள் எனக்கு வந்தது. இரண்டு பெட்டி கேக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தூறலில் நனைந்துகொண்டே போனேன்.

எங்கள் மேலாளர் பீட்டர் நல்ல மனிதர். காப்பிக் கோப்பையைக் கரண்டியால் தட்டி எல்லாரையும் அமைதியாக்கிவிட்டு என்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நேரம் தவறாதவள், ஆய்வகத்தைச் சுத்தமாக வைத்திருப்பவள் என்றார். பிறகு, “எஸ்தரின் தம்பியால் நமக்கு ஒரு புதுச் சந்தையே கிடைத்திருக்கும். மயிரிழையில் கைநழுவிவிட்டது. அடுத்த முறையாவது சர்ச்சில் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு இரண்டாவது துண்டு கேக்கும் வெட்டிக் கொடுத்தேன்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் காயப்போட்டபோதும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி ஒரு மரமரப்பு, அவ்வளவுதான். சரி, நடந்ததை ஊரில் இருப்பவர்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

எங்கள் கம்பெனி சீஸ் செய்வதில்லை. சீஸுக்குச் சட்டை செய்கிறது. இங்கே சீஸை வண்டிச்சக்கரம் மாதிரி உருட்டி மாதக்கணக்கில் பலகையில் அடுக்கி வைப்பார்கள். பூஞ்சை பிடிக்காமலும் காய்ந்து வெடிக்காமலும் இருக்க அதன்மேல் மஞ்சளாக ஒரு பூச்சு பூசுவார்கள். பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் மெல்லிய தோலாகிவிடும். வெளி ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடாது, ஆனால் உள்ளே இருப்பது மெதுவாக மூச்சுவிடும். அந்தப் பூச்சின் கெட்டியை அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அருப்புக்கோட்டையில் வேதியியல் படித்தவள் சீஸுக்குச் சட்டை தைக்கப் போனாள் என்று உறவில் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். தம்பி சாலமோன் அங்கேயே இருக்கிறான். அப்பா விட்டுப்போன மானாவாரிக் காடு அவன் பொறுப்பு. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. கரிசல் என்பதால் மழை வந்த பிறகு இறங்கி உழ முடியாது, கால் புதையும். அதனால் புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள்.

இதில் ஒரு சூது உண்டு. பெருமழைக்கு முன்னால் ஒரு சின்ன மழை வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடும். விதை அதை நம்பி முளைவிடும். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் வெயில். முளை கருகிவிடும். மறுபடி விதை வாங்கி, மறுபடி விதைக்க வேண்டும். ஊரில் அதை ஏமாத்து மழை என்பார்கள். இதை ஒருமுறை பீட்டரிடம் சொல்லும்போது ‘பொய் மழை’ என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவே இல்லை. இங்கே மழைக்குப் பொய் சொல்லத் தெரியாது. வந்தால் போகத்தான் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் விடுமுறைக்குப் போனபோது ஒரு சின்னச் சீஸ் உருளையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தம்பி மனைவி ஞானசெல்வி ஒரு கடி கடித்துவிட்டு, “மதினி, இது கெட்டுப்போயிருச்சா, இல்ல இப்படித்தானா?” என்று கேட்டாள். மிச்சத்தை என் தம்பி தோலோடு வேலிக்கல் மேல் வைத்துவிட்டான், காக்காயாவது தின்னட்டும் என்று. காக்காயும் தின்னவில்லை. மறுநாள் ஒரு கோடை மழை அடித்தது. அடித்து ஓய்ந்த பிறகு அவன் அதை எடுத்துப் பார்த்தான். வெட்டின பக்கம் ஊறிக் குழைந்திருந்தது. தோல் இருந்த பக்கம் நேற்று மாதிரியே இருந்தது.

“அக்கா, அடுத்த தடவ வாரப்ப இதக் கொண்டாராத” என்றான். “இந்தத் தோலு பண்ற சாமான் மட்டும் ஒரு டப்பா கொண்டா.”

“என்னத்துக்குடா?”

“வெதைக்குச் சட்டை போட்டுப் பாப்போம்.”

3

அடுத்த விடுமுறைக்கு மாதிரி டப்பா இரண்டு கொண்டுபோனேன், பீட்டரிடம் கேட்டுவிட்டுத்தான். தம்பி முதலில் சோள விதையைப் பூச்சில் முக்கிக் காயவைத்தான். எல்லாம் கடலை மிட்டாய் மாதிரி ஒன்றாக ஒட்டிக்கொண்டது. சம்மட்டியால் உடைக்க வேண்டியதாயிற்று. கெட்டியாகப் பூசியது முளைக்கவே இல்லை. லேசாகப் பூசியது சும்மா தண்ணீர் தெளித்ததற்கே முளைத்துவிட்டது. நான் திரும்பி வந்த பிறகும் சனிக்கிழமைதோறும் போனில் இதே பேச்சுத்தான். ஞானசெல்வி பின்னால் இருந்து, “சோறு பொங்குற சட்டி ஒண்ணு விடாம பூசிட்டாக மதினி, நான் எதுலதான் பொங்க?” என்று குரல் கொடுப்பாள்.

கடைசியில் பிடிபட்டது. பூச்சில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முக்கி, ஈரத்தோடு அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, மறுபடி ஒரு முக்கு, மறுபடி சாம்பல். அப்படிச் செய்த விதை ஒருநாள் ஈரத்துக்கு அசையவில்லை. மூன்று நாள் நாலு நாள் தொடர்ந்து ஊறினால்தான் சட்டை இளகி முளை வந்தது. சாம்பல் இல்லாவிட்டால் இது நடக்காது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்துக்கும் இன்றுவரை முழுசாகத் தெரியாது.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் ஏமாத்து மழை வந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் முளைவிட்டுக் கருகியது. எங்கள் காடு மட்டும் சும்மா கிடந்தது. ஐப்பசியில் பெருமழை பிடித்த பிறகு எங்கள் சோளம் கோடு போட்ட மாதிரி வந்தது. போனைத் திருப்பிக் காட்டினான். வரப்பில் நின்று அவன் அழுதது எனக்குத் தெரிந்தது. மழைத்தண்ணி என்றான்.

அவன் அனுப்பிய படங்களை நான் பீட்டரிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏற்கனவே இருக்கிற ஒரு பொருள், அதைப் புது வேலைக்குப் பயன்படுத்துகிற முறை. அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கலாம் என்றார். பொருள் பழசாக இருக்கலாம், பயன்பாடு புதுசாக இருந்தால் போதுமாம். கண்டுபிடித்தவர் என்று தம்பியின் பெயரைப் போடுவோம், விற்பனையில் அவருக்குப் பங்கு உண்டு என்று எழுதியும் கொடுத்தார்.

இதைத் தம்பிக்கு விளக்குவது கஷ்டமாக இருந்தது. நிலத்துக்குப் பட்டா மாதிரி யோசனைக்குப் பட்டா என்றேன்.

“யாரு தருவா?”

“இங்க ஐரோப்பாவுல.”

“நம்ம ஊருல?”

“தெரிஞ்ச பொருளோட புதுப் பயனுக்கு இந்தியாவுல தர மாட்டாகளாம். அதுலயும் வெள்ளாமை செய்ற முறைக்குத் தரவே மாட்டாகளாம்.”

“அப்ப மழை பெய்ற ஊருல பட்டா, பெய்யாத ஊருல இல்ல” என்றான். “சரி, எங்கிட்டாவது குடுத்தாச் சரித்தான்.”

விண்ணப்பத்தில் பெயர் எழுதுவதே பெரிய பாடு. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது? ஞானமுத்து மகன் சாலமோன், ஞா. சாலமோன். அதைப் பிரித்து, ஒட்டி, திருப்பிப் போட்டுக் கடைசியில் ‘திரு. ஞானமுத்து’ என்றே கடிதங்கள் வர ஆரம்பித்தன. செத்துப் பல வருடம் ஆன எங்கள் அப்பா ஐரோப்பாவில் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட்டார். உயிரோடு இருந்தவரை ஒரு பம்புசெட்டைக்கூட அவர் ஒழுங்காகக் கழற்றி மாட்டினதில்லை.

4

இதற்கு நடுவில் ஊரில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. சூரிய மின்சாரக் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க வந்திருந்தார்கள். எங்கள் காட்டுக்குக் கிழக்கே இருந்தவர் கொடுத்துவிட்டார். வடக்கே இருந்தவரும் கொடுத்துவிட்டார். சாலமோன் மட்டும் கொடுக்கவில்லை. புரோக்கர் வாரம் ஒருமுறை மோட்டார் பைக்கில் வந்து, “அண்ணே, நடுவுல நீங்க மட்டும் நிக்கீக” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஞானசெல்விக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. மகள் நர்சிங் சேர்ந்த வருடம் அது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சோளம் ஒரு வருடம் விளைந்தால் இரண்டு வருடம் கையைக் கடிக்கும். ஆனால் அவன், “அக்கா கம்பெனியில இருந்து காகிதம் வரட்டும். பட்டா வந்துட்டா வருசா வருசம் பங்கு வரும். அதவச்சு இந்தக் காட்டுலயே காலத்த ஓட்டிருவேன்” என்றான். காகிதம் வந்தால் காடு நிற்கும், வராவிட்டால் போகும் என்று ஆகிவிட்டது. எனக்கு அது தெரியும். தெரிந்தே, “வந்துரும்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்கு ஒரு காப்புரிமை வழக்கறிஞர் உண்டு. ஹென்னி என்று பெயர், என் வயதுப் பெண். அவள் முதல் நாளே கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்த முறையை விண்ணப்பத்துக்கு முன்னால் உங்கள் தம்பி யாரிடமாவது வெளிப்படையாகச் சொன்னாரா? சொல்லியிருந்தால் அது புதுசு இல்லை. உலகத்தில் எந்த மூலையில், எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் சரி.

நான் தம்பியிடம் கேட்டேன். “ஏலே, இந்தப் பூச்சுப் பக்குவத்த யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“ஒருத்தருக்கும் சொல்லலக்கா. புரோக்கரு கூட என்ன மாயம் பண்ணினீகன்னு கேட்டாரு. வாயத் தொறக்கல.”

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சொல்லவில்லை என்று ஹென்னியிடம் சொன்னேன். எங்கள் ஆய்வகத்தில் செய்து சரிபார்க்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு விண்ணப்பம் போட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து அதை ஊரறிய வெளியிட்டார்கள். அவ்வளவு காலமும் சனிக்கிழமை பேச்சில் அவன் காகிதம் பற்றிக் கேட்டதில்லை. வானம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன், அவன் சொல்வான். அவன் கேட்காமல் இருந்ததே போதும், எதற்குக் காத்திருக்கிறான் என்று தெரிய.

5

விண்ணப்பம் வெளியான சில மாதத்தில் யாரோ ஒருவர், பெயர் போடாமல், காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு யூடியூப் இணைப்பை அனுப்பியிருந்தார். அப்படி அனுப்ப இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. எங்களுக்குப் போட்டியான கம்பெனியிலும் ஒரு தமிழர் வேலை பார்க்கிறார் என்று நினைக்கிறேன். நல்லா இருக்கட்டும்.

ஹென்னி என்னைக் கூப்பிட்டு, “இது என்ன மொழி, உன் மொழியா?” என்று கேட்டாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சபை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை, நேரலை. பலிபீடத்தின் படியில் பூசணியும் சோளக்கதிரும் கோழியும் வைத்திருந்தார்கள். தம்பி வெள்ளைச் சட்டையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் விதை, ஒரு கிண்ணத்தில் சாம்பல். பெருமழை பெய்து சோளம் விளைந்த அதே வருடம். நாங்கள் விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முந்தி.

பிராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காரியம் கைகூடினால் சபையில் எழுந்து வாய்விட்டுச் சாட்சி சொல்கிறேன் என்று பொருத்தனை செய்துகொள்வார்கள். செய்தால் நிறைவேற்ற வேண்டும். மேலெழுந்தவாரியாகச் சொன்னால் அது சாட்சி ஆகாது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று முழுசாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை குறைந்தவர் மாத்திரைப் பெயரைக்கூடச் சொல்வார்.

ஹென்னிக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்பு வேண்டும். வெளியாளிடம் கொடுக்கலாம், நாளாகும், நீயே செய்துவிடுகிறாயா என்று கேட்டாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. வேறு யாரோ ஒருவர் அவன் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டுவதை நான் விரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தேன். என் மகள் ரூத்துக்கு வயது பதினேழு. தமிழ் கேட்டால் அரைகுறையாகப் புரியும், பதில் அவர்கள் மொழியில்தான் வரும். மாமாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

திரையில் அவன் சொன்னான்: “கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன மூணு வருசமா ஏமாத்து மழையில என் வெதை கருகிப்போச்சு. எங்க அக்கா ஒரு மருந்து கொண்டாந்தாக, சீஸுங்கிற பண்டத்துக்குப் பூசுறது. அதுல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தணும். வெதைய முக்கி எடுத்து, ஈரத்தோட அடுப்புச் சாம்பல்ல பெரட்டணும். நெழல்ல காயணும். அப்பறம் இன்னொருக்கா முக்கி, இன்னொருக்கா சாம்பல். இந்தா பாருங்க, இப்படி.” தாம்பாளத்தில் கையை விட்டுப் புரட்டிக் காட்டினான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். “இது என் புத்தி இல்ல. எனக்கு அம்புட்டுப் புத்தி கெடையாது. ஆண்டவர் காட்டினாரு.”

ரூத் கேட்டாள், இதனால் மாமாவுக்கு என்ன ஆகும் என்று. சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தச் சாம்பல் வரியை மட்டும் விட்டுவிடேன். இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?” என்றாள்.

அதை நானும் யோசித்திருந்தேன். சாம்பல்தான் எல்லாம். இரண்டாவது முக்கையும் சாம்பலையும் விட்டுவிட்டால் அது வெறும் விதையில் எதையோ பூசிய கதை. விண்ணப்பம் பிழைத்துக்கொள்ள இடம் உண்டு. டீ போட்டேன், ஆறவிட்டேன், குடித்தேன். பிறகு சாம்பலை எழுதினேன். நல்லவள் என்பதால் என்று நினைக்காதீர்கள். பயம். இணைப்பு அனுப்பியவருக்குத் தமிழ் தெரியும். கையெழுத்துப் போடப்போவது நான். விசா, வேலை, வீட்டுக்கடன் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துபோயிற்று. ரூத் எழுந்து மாடிக்குப் போனாள். அதற்கப்புறம் பல நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். அவள் கோபத்தைப் பார்த்தபோதுதான் எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் இது என்று உறைத்தது.

ஹென்னி படித்துவிட்டு, “உன் தம்பி ரொம்பத் தெளிவாக விளக்கியிருக்கிறார். இதைக் கேட்ட எவரும் அப்படியே செய்துவிடலாம்” என்றாள். காப்புரிமைச் சட்டத்தில் ஒரு மனிதனின் பேச்சைக் கொல்வதற்கு இந்தப் பாராட்டு போதும். அமெரிக்கச் சட்டத்தில், தானே வெளியே சொல்லிவிட்டவருக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம் தவணை உண்டாம். அந்தத் தவணையும் கடந்திருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். பீட்டர் என் தோளில் கைவைத்து வருத்தம் சொன்னார். உண்மையாகவே வருந்தினார்.

6

தம்பிக்குச் சொல்ல வேண்டிய சனிக்கிழமை வந்தது. வளைத்துப் பேசாமல் சொல்லிவிட்டேன். காகிதம் வராது, சபையில் சொன்னதால் வராது.

“சபையில சொன்னா என்னக்கா?”

“யார்கிட்டயாச்சும் சொன்னியான்னு அன்னைக்கே கேட்டேனேடா.”

“நீ யார்கிட்டயாச்சும்னு கேட்ட. நான் கர்த்தர்கிட்டல்ல சொன்னேன். சபையில இருந்தவுக சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாக.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் வந்திருக்கும். அந்தப் பக்கம் ஞானசெல்வி மெதுவாக என்ன என்று கேட்பதும், அவன் ஒன்றுமில்லை என்பதும் கேட்டது.

“அப்ப நான் சாட்சி சொல்லாம இருந்திருக்கணுமா?” என்று கேட்டான். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இங்கே வந்த பிறகு நான் கோவிலுக்குப் போவது கிறிஸ்துமஸோடு சரி. அவனுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் என் வாயில் வந்தது, “ரெண்டு வருசம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்டா” என்பதுதான்.

“பொருத்தனைக்குத் தவணை கேக்க முடியுமாக்கா” என்றான். பிறகு, “பக்கத்துல அஞ்சாறு பேரு அன்னைக்குக் கேட்டுட்டுப்போயி பூசிப் பாத்தாக. சீஸ் மருந்து இல்ல, தச்சரு பசைதான், அருப்புக்கோட்டையில வாங்குனது. அதுவும் ஓரளவு நிக்கிதாம்” என்றான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்தான், எனக்கு ஆறுதலாக.

அந்தத் தையில் அவன் காட்டைக் கொடுத்தான். பத்திரம் பதிகிற அன்று எனக்குப் போன் பண்ணவில்லை. ஞானசெல்விதான் மறுநாள் பேசினாள். “கையெழுத்துப் போட்டுட்டு வந்து நல்லாத்தான் சாப்ட்டாக மதினி” என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது, அதை மறைக்கப் பார்ப்பதும் இருந்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். நல்லா சாப்பிட்டான் என்று கேட்டதில் எனக்கும் நிம்மதிதான்.

7

கேக் வெட்டின வாரத்துச் சனிக்கிழமை அவன் வீடியோவில் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் நீளக் கம்பில் துடைப்பான். அந்தச் சூரிய மின்சாரக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். நிலம் கொடுத்தவர்களுக்கு முதலில் வேலை என்று சொல்லியிருந்தார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். கண்ணாடிப் பலகைகளில் தூசி படியாமல் கழுவுவது அவன் வேலை.

“எந்தப் பக்கம்டா?”

“நம்ம காட்டுலதான். நான்தான் கேட்டு வாங்கினேன்.”

போனைத் திருப்பிக் காட்டினான். வரிசை வரிசையாகக் கருநீலக் கண்ணாடி, கண்ணுக்கு எட்டினவரை. எது எங்கள் காடு என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் லாரி ஒன்று நின்றது.

“தண்ணி எங்கிட்டு இருந்து வருது?”

“லோடு லோடா வருதுக்கா. அப்பா காலத்துல இருந்து இந்த மண்ணு இம்புட்டுத் தண்ணி பாத்ததில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்துறோம். எல்லாம் கண்ணாடிக்கு.”

வேலை பரவாயில்லையா என்று கேட்டேன். வெயில்தான், மற்றபடி பரவாயில்லை என்றான். சூப்பர்வைசர் நல்ல மனுஷராம், வடக்கத்திக்காரர், தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். பிறகு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

“அக்கா, காடு குடுக்கிறதுக்கு முந்துன பொரட்டாசியில சட்டை போட்ட வெதைய வெதைச்சேன்ல.”

“ஆமா.”

“அந்த ஐப்பசி பெய்யவே இல்ல. வெதை உள்ளயே கெடந்துச்சு. நானும் செத்துப்போச்சுன்னு விட்டுட்டேன். இவுக தூணு நட்ட எடம் போக மத்த எடத்துல மண்ணப் பெரட்டல. இப்பக் கண்ணாடி கழுவுற தண்ணி கீழ்விளிம்புல வழிஞ்சு ஒரே எடத்துல விழுகுது பாத்தியா. அங்கிட்டு நாலஞ்சு நாளு ஈரம் காயாம நின்னுச்சு.”

துடைப்பானைத் தோளில் சாய்த்துக்கொண்டான். மேலே சொன்னான்.

“வரிசை மாறாம வந்துருச்சுக்கா. ஒவ்வொரு கண்ணாடிக்குக் கீழயும், கயிறு புடிச்ச மாதிரி. இடுப்பளவு வளந்துருச்சு. சூப்பர்வைசரு பாத்துட்டு, கண்ணாடி மேல நெழல் விழுகுது, எடுத்துருங்கன்னாரு.”

“எடுத்தாகளா?”

“அது என் வரிசைதானேக்கா. நான்தான் எடுத்தேன்.”

லாரிக்காரர் தூரத்தில் அவனைக் கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்த்து வாரேன் என்று கைகாட்டிவிட்டு, மறுபடி போனைப் பார்த்தான்.

“பிடுங்கையில வேரோட வந்துச்சு. நல்ல ஈரம். களையே கெடையாதுக்கா, எல்லாம் நல்ல பயிரு” என்றான்.